யார் அந்த நூறு பேர்?

"உங்களை மாதிரி இருக்கிறவங்க நூறு பேர்ல எழுபது பேருக்கு, அஞ்சு வருஷம் வரைக்கும் கட்டி திரும்பி வர்றதில்லம்மா" என்று டாக்டர் சொன்னதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர், பஸ் டிரைவர், கலங்கிப்போனார். கலங்க வேண்டிய ஆளோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "யாரு டாக்டர் அந்த நூறு பேரு?" என்று கேட்டார்.

அந்த ஆள்தான் மீட்டரம்மா. வயது ஐம்பத்தொன்று. புற்றுநோய்க் கட்டி வந்த இடது சிறுநீரகத்தை எடுத்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. இருமினால் தையல் போட்ட இடம் சுரீர் என்றது. அதனால் இருமலை அடக்கிக்கொள்வார். கேள்வியை அடக்கிக்கொள்ளும் பழக்கம் மட்டும் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

டாக்டர் பொறுமைசாலி. ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கட்டி எவ்வளவு பெரியது, பக்கத்தில் எங்காவது எட்டிப் பார்த்திருக்கிறதா, மைக்ராஸ்கோப்பில் செல்கள் எவ்வளவு முரடாகத் தெரிகின்றன, கட்டிக்குள் செத்த பகுதி இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டுவார்களாம். கூட்டி வருவதை வைத்து ஆட்களைப் பிரிப்பார்களாம்.

"நான் எத்தனை மார்க்?"

"நடுவுல."

"ஸ்கூல்லயும் நான் நடு பெஞ்சுதான்."

"இதுல மார்க் கம்மியா இருந்தாதான் நல்லதும்மா."

"சரி, அந்த நூறு பேரு? எந்த ஊரு, என்ன வயசு, எப்ப ஆபரேஷன் பண்ணது? ஒரே மாதிரி நூறு பேரா, இல்ல கிடைச்சவங்களா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இருபது வருஷமா இந்தச் சீட்டுல உக்காந்திருக்கேன். எல்லாரும் அந்த எழுபதுல நான் இருக்கேனான்னுதான் கேப்பாங்க. நூறு பேரு யாருன்னு யாரும் கேட்டதில்ல. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

கேட்டிருக்கக் கூடாது. அடுத்த கால் மணி நேரம் மீட்டரம்மா விடவில்லை.

தண்ணீர் பம்புக்கு மோட்டார் செய்கிற தொழிற்சாலை. அதில் பின்பக்கம், ஜன்னலே இல்லாத நீளமான கூடம்தான் சோதனைப் பிரிவு. ஒவ்வொரு நூறு மோட்டாரிலும் சிலவற்றை எடுத்து வந்து இரும்பு மேடையில் திருகி, இரவும் பகலும் ஓடவிடுவார்கள். எப்போது எரிகிறதோ எரியட்டும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கும். ஓடிய நேரம், சூடு, சத்தம், கடைசியில் 'நின்ற நேரம்' என்று நான்கு கட்டங்கள். மீட்டரம்மா இருபத்திநான்கு வருஷமாக மீட்டரைப் பார்த்து அந்தக் கட்டங்களை நிரப்புகிறவர், பேரும் அதனால் வந்ததுதான். எழுதுவது பென்சிலில்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் அட்டையில் எதுவும் முடிவானதில்லை. மணிக்கு மணி அழித்து எழுத வேண்டும். அறிக்கை அனுப்புகிற தேதி வந்தும் ஒரு மோட்டார் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தால், கடைசிக் கட்டத்தில் 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்று எழுதுவார்கள். அந்த ஒரு வார்த்தையை எழுதும்போது மீட்டரம்மாவுக்குத் தனி சந்தோஷம். அப்படிப்பட்ட மோட்டாரை மேடையிலிருந்து இறக்கும் முன் செல்லமாக ஒரு தட்டு தட்டுவார்.

ஆக, நூற்றுக்கு எழுபது என்றால் அவருக்குப் பயம் வராமல் கேள்வி வந்ததில் ஆச்சரியமில்லை. எந்த நூறு? எந்த மின்சாரத்தில் ஓடியது? தண்ணீரில் வைத்தார்களா, வெயிலில் வைத்தார்களா? இது தெரியாமல் எழுபதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டாக்டர் தன்னால் முடிந்ததைச் சொன்னார். அந்த நூறு பேரும் ஒரே ஊர்க்காரர்கள் இல்லை. ஆயிரக்கணக்கானவர்களைப் பின்தொடர்ந்து எழுதி, அதை நூறாகச் சுருக்கியது. பலருக்கு மீட்டரம்மாவைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட. பலருக்கு ஆபரேஷன் நடந்தபோது இப்போது இருக்கிற மருந்துகள் இல்லை. திரும்பி வந்தாலும் அத்தோடு கதை முடிந்தது என்று அர்த்தமில்லை, அதற்கும் சிகிச்சை உண்டு. "இந்த நம்பர் நூறு பேரைப் பத்திச் சொல்லும்மா. உங்க ஒருத்தரைப் பத்தி அதுக்குத் தெரியாது" என்றார்.

"எனக்கா சொல்றீங்க! நூறு மோட்டாருக்கு உத்தரவாதம் எழுதித் தர்றவ நான். ஒரு மோட்டாரைக் கையில குடுத்து இது எப்ப எரியும்னு கேட்டா முழிப்பேன்."

அதுவரை எல்லாம் சரி. வீட்டுக்கு வந்ததும்தான் வம்பு.

இவர்களுக்கு ஒரே மகள். வானிலை ஆய்வு நிலையத்தில் வேலை. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த மாதம்தான் அவளுக்கு ஒரு அழைப்பு வந்திருந்தது. கடலுக்கு நடுவே ஒரு தீவு, அதில் ஒரு நிலையம், இரண்டு வருஷ வேலை. கப்பல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான். நடுவில் அவசரம் என்றாலும் நினைத்த நேரத்துக்குத் திரும்ப முடியாது. பள்ளிக்கூட நாளிலிருந்தே அந்தத் தீவின் படத்தை மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தவள். இப்போது அம்மாவின் எண்ணுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அது நன்றாக இருந்தால் போவது, இல்லையென்றால் இல்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள்.

மீட்டரம்மா வாயைத் திறப்பதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார். "நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு! கவலையே படாதீங்கன்னுட்டாரு." முப்பது வருஷம் பஸ் ஓட்டியும் சிக்னலைத் தாண்டாத மனுஷன். அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினார்.

மீட்டரம்மா கணவரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பை ஒழுங்காக அடுக்கி வைத்தார். இருபத்திநான்கு வருஷத்தில் அவர் கையால் ஒரு பொய் அட்டை போனதில்லை. அன்றைக்குப் போனது.

அறைக்குள் போனதும் பிடித்துக்கொண்டார். "எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"வேற எப்படிச் சொல்றது? எழுபதுன்னா அவ போவாளா?"

"பொய்ய நம்பிப் போகணுமா?"

"போகணும்ல, அதான் முக்கியம்" என்றார் டிரைவர். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டவரோடு மேற்கொண்டு சண்டை போட மீட்டரம்மாவுக்கு மனசு வரவில்லை.

ஆனால் மகள் போகவில்லை. பத்து நாள் கழித்து, "அந்த வேலைக்கு வேற ஆளை எடுத்துட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டு, தீவின் படத்தைக் கழற்றிப் புத்தகத்துக்குள் வைத்தாள். பெற்றவர்கள் இருவரும் அவளுக்காக வருத்தப்பட்டார்கள். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியும் பட்டார்கள். அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்று மாதத்தில் மீட்டரம்மா வேலைக்குத் திரும்பினார். ஒரு சிறுநீரகத்தோடு வாழ்வது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. தண்ணீர் குடிக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், தலைவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். அவ்வளவுதான். ஆனால் அந்த நூறு பேர் அவருடைய மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தார்கள். டிரைவரின் பஸ்ஸில் ஐம்பது இருக்கை. அப்படியானால் இரண்டு பஸ். முதல் பஸ்ஸில் முதல் வரிசையில் யார்? பக்கத்து இருக்கையில் தூங்கி வழிகிறவர் யார்?

"உங்க வண்டியில ஏறுறவங்கள்ல யாராவது இந்த ஆபரேஷன் பண்ணவங்க இருப்பாங்களா?" என்று ஒருநாள் கேட்டார்.

"டிக்கெட் கேட்டாலே சண்டைக்கு வர்றாங்க, கிட்னியையும் கேக்கச் சொல்றியா?" என்றார் டிரைவர்.

சரி, நாமே கேட்போம் என்று மீட்டரம்மா இறங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குக் காத்திருக்கும் கூடத்தில், யார் பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் போய் உட்கார்ந்து வாயைக் கிளறுவார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சிலர் இதற்காகவே காத்திருந்தது போலக் கொட்டித் தீர்ப்பார்கள். அப்படி மாட்டியவர்தான் ஒரு முடிதிருத்துகிறவர். கை விரல் ஓயாமல் கத்தரி பிடித்த மாதிரி அசைந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார் மீட்டரம்மா.

"வலது. எடுத்துப் பதினோரு வருஷம் ஆச்சு."

"பதினொண்ணா! அப்ப நீங்க அந்த எழுபதுல ஒருத்தர்."

"எனக்கு அப்ப அம்பதுன்னு சொன்னாங்கம்மா. அஞ்சு வருஷம் தாண்டினப்ப, இனிமே என்ன நம்பர்னு கேட்டேன். அதுக்கு மேல கணக்கு அவ்வளவா இல்லன்னுட்டாங்க." ஒரு நிமிஷம் யோசித்தார். "என்னை எண்றதை விட்டுட்டாங்க. நான்தான் இன்னும் விடல."

மீட்டரம்மாவுக்குச் சட்டென்று தன் மேடைகள் ஞாபகம் வந்தன. இந்த ஆளின் அட்டையில் கடைசிக் கட்டத்தில் யாராவது 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்று எழுதியிருப்பார்களா? எழுதியிருந்தால் பதினோரு வருஷமாக அதை அழித்துத் திருத்தியவர் யார்? வீடு வரும்வரை இதே யோசனைதான். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

இரண்டாம் வருஷ ஸ்கேன் சுத்தமாக வந்தது. டாக்டர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்து, "ஒண்ணும் இல்லம்மா" என்றார். மற்றவர்களாக இருந்தால் அந்த இரண்டு சொல்லை வாங்கிக்கொண்டு ஓடியே போயிருப்பார்கள். மீட்டரம்மா எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், எழுபது போக மிச்சம் முப்பது பேரு இருக்காங்கல்ல, அவங்களுக்கு எப்ப திரும்பி வந்துச்சு? அஞ்சு வருஷத்துலயும் சமமாவா?"

"இல்ல. முதல் ரெண்டு வருஷத்துலதான் அதிகம்."

"அதான பாத்தேன். எங்க மோட்டாரும் அப்படித்தான். உள்ள சுத்தின கம்பியில கோளாறுன்னா சீக்கிரமே எரிஞ்சிரும். அதைத் தாண்டிட்டா ரொம்ப நாள் இழுக்கும். அப்ப ரெண்டு வருஷம் தாண்டின எனக்கு அதே எழுபதா?"

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பி எதையோ தேடினார். வெளியே அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிடப் போன நர்சைக் கையமர்த்தினார். மீட்டரம்மா கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, அடுத்த ஸ்கேன் தேதி எழுதிய சீட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். உத்தேசமாகத்தான் என்று சொல்லிச் சொல்லித்தான் டாக்டர் கொடுத்தார். முதல் இரண்டு வருஷத்தில் பதினெட்டுப் பேர். அடுத்த மூன்று வருஷத்தில் பன்னிரண்டு பேர்.

"அப்ப எண்பத்திரண்டு பேரு என் கூட இங்க வந்து நிக்கறாங்க. அதுல எழுபது பேரு அந்தப் பக்கம் போய்ச் சேர்றாங்க." பென்சில் ஓடியது. "நூத்துக்கு எண்பத்தஞ்சு!"

"ஆமா" என்றார் டாக்டர், அவரே இப்போதுதான் பார்ப்பது போல. "இதுக்குத் தனியா ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. தாண்டத் தாண்ட நம்பர் கூடும். ஆனா ஸ்கேனை மட்டும் விட்டுடாதீங்க. எண்பத்தஞ்சுங்கிறது நூறு இல்ல."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சீட்டைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பார். எல்லா அட்டையையும் மணிக்கு மணி அழித்து எழுதுகிறவள், என் அட்டையை இரண்டு வருஷமாகத் திருத்தாமல் வைத்திருந்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டார். இந்த எண்ணை மகளிடம் சொல்லத் தடையில்லை. சொன்னால் பழைய பொய்யையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பரவாயில்லை, சொல்லிவிடலாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் போன் அடித்தது. மகள் குளித்துக்கொண்டிருந்தாள். மகளின் மேலதிகாரிதான் பேசினார்.

"பொண்ணு செல்போனை எடுக்கல, அதான் வீட்டுக்கே அடிச்சேன். அந்தத் தீவுக்கு மறுபடியும் ஆள் கேக்கறாங்கம்மா. நாளைக்குள்ள பதில் சொல்லணும். கப்பல் அடுத்த வாரம். போன தடவை மாதிரி வேணாம்னு எழுதிக் குடுத்துடப் போறா. நீங்களாவது சொல்லுங்க. இனிமே இந்த வாய்ப்பு வராது."

"போன தடவை வேற ஆளை எடுத்துட்டீங்கன்னு..."

"நாங்க எங்கம்மா எடுத்தோம்? அவதான வேணாம்னா."

மீட்டரம்மா போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். இரண்டு வருஷம் இந்த வீட்டில் மூன்று பேரும் ஆளுக்கொரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு, ஒரே மேஜையில் டீ குடித்திருக்கிறார்கள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த மகளிடம், "நீதான் வேணாம்னு எழுதிக் குடுத்தியா?" என்றார்.

மகளுக்கு யார் கூப்பிட்டிருப்பார்கள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா தொண்ணூத்தஞ்சுன்னு சொன்னப்ப, நீ குனிஞ்சு செருப்பை அடுக்கின. உன் வாழ்நாள்ல நீ செருப்பை அடுக்கினதே இல்லம்மா. அன்னைக்கே உன் ரிப்போர்ட்டை எடுத்து, அதுல இருந்த மார்க்குக்கு என்ன நம்பர்னு தேடிப் பாத்தேன். எழுபது."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"நீங்க சொன்னீங்களா?"

மீட்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதையும் அவர் இரண்டு தடவை பிரித்துப் பார்த்திருக்கிறார்.

"எழுபது நல்ல நம்பர்தானடி" என்றார் கடைசியில்.

"முப்பது மிச்சம் இருக்கும்மா. புயலுக்கு முப்பது சதவீதம்னா நாங்க எல்லாப் படகையும் கரையேத்தச் சொல்லிடுவோம். நான் எப்படி ஆறு மாசத்துக்கு ஒரு கப்பல் வர்ற எடத்துல போய் உக்காருவேன்? இந்தத் தடவையும் வேணாம்னுதான் சொல்லப்போறேன்."

மீட்டரம்மா மகளையே பார்த்தார். கோபம் வரவேண்டிய இடம். வந்தது ஒரு கேள்விதான்.

"அந்த அறிக்கை எப்ப போட்டது?"

"எது?"

"எழுபதுன்ற அறிக்கை."

"ரெண்டு வருஷம் முன்னாடி."

"உங்க ஆபீஸ்ல அறிக்கையை எப்பல்லாம் மாத்துவீங்க?"

"ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை." சொல்லும்போதே மகளின் குரல் தடுமாறியது.

"ரெண்டு வருஷம் முன்னாடி சொன்ன புயலுக்கா இன்னும் படகைக் கட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்க?"

மீட்டரம்மா சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். மகள் அதை வாங்கி, அம்மாவின் மகளாகவே, முதலில் கணக்கைச் சரிபார்த்தாள். பதினெட்டு எங்கிருந்து வந்தது, பன்னிரண்டு யார் சொன்னது, எத்தனை பேரை வைத்து எடுத்தது என்று குடைந்தாள். மீட்டரம்மாவுக்கு அந்த நேரத்திலும் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, சீட்டைக் கீழே வைத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மிச்சம் பதினஞ்சு இருக்கேம்மா."

"இருக்கு. அந்தப் பதினஞ்சுல நான் இருக்கலாம். பயமா இல்லன்னு சொல்ல மாட்டேன், ஸ்கேன் மெஷினுக்குள்ள போறப்பல்லாம் பயந்து சாகறேன். ஆனா ஒண்ணு சொல்லு. நீ போகாம என் பக்கத்துலயே உக்காந்திருந்தா அது பதினாலா ஆயிடுமா?"

மகள் அம்மாவின் மடியில் ஈரத் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். தையல் இருந்த பக்கம் அது. பழைய ஞாபகத்தில் தலையை எடுக்கப் போனவளை மீட்டரம்மா அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

டூட்டி முடிந்து வந்த டிரைவர், இருவரும் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். "என்னாச்சு? டாக்டர் என்ன சொன்னாரு?"

"நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சாம்பா" என்றாள் மகள், தலையைத் தூக்காமலேயே. டிரைவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அசட்டுச் சிரிப்போடு குனிந்து, இல்லாத அழுக்கைச் செருப்பிலிருந்து தட்டினார்.

அடுத்த வாரக் கப்பலில் மகள் ஏறினாள். போகும் முன் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஸ்கேன் எடுத்த அன்றைக்கே அறிக்கை வரவேண்டும், யாரும் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

ஆறு மாதம் கழித்து ஒரு காலையில், தீவில் காற்றின் வேகத்தைக் குறித்துக்கொண்டிருந்தவளுக்குச் செல்போனில் ஒரு படம் வந்தது. தொழிற்சாலையின் சோதனை அட்டை. பென்சில் எழுத்து, ஒரு இடத்தில் அழித்துத் திருத்தியிருந்தது.

ஓடிய நேரம்: இரண்டரை வருஷம்.

சூடு: சாதாரணம்.

சத்தம்: கொஞ்சம் அதிகம் (அப்பா எழுதச் சொன்னது).

நின்ற நேரம்: ஓடிக்கொண்டிருக்கிறது.